மாலை கழுத்துக்குத்தான்

எங்கள் பல்கலைக்கழகக் கணிதத் துறைக்கு வெளியூர் அறிஞர் யார் வந்தாலும் மாலை போடுவது என் வேலையாக இருந்தது. யாரும் எனக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கும் போட்டேன், இந்தியாவிலிருந்து வந்தவருக்கும் போட்டேன், பக்கத்துக் கட்டடத்து இயற்பியல்காரர் ஒரு மணி நேரம் பேச வந்தபோது அவருக்கும் போட்டேன். வெள்ளைக்காரர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நம் ஆட்கள்தாம் பதறிப்போய், கையில் கொடுங்கள் என்று இரண்டு கையையும் நீட்டுவார்கள். நான் கொடுக்க மாட்டேன். மாலை கழுத்துக்குத்தான்.

துறைத்தலைவராக வந்த ஒருவர், இனிமேல் விருந்தினருக்கு மாலை வேண்டாம், நினைவுப் பரிசாக ஒரு ஈயத்தட்டு கொடுத்தால் போதும் என்றார். மாலை போடுவது கணிதத் துறைக்கு அழகில்லையாம். நான் அவர் அறைக்கே போனேன். "இந்தப் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே கணிதத்துக்கு விருந்தினர் உரை நடத்தியவள் நான். அப்போது ஈயத்தட்டு கொடுத்திருந்தால் ஜப்பான்காரன் உருக்கி எடுத்துக்கொண்டு போயிருப்பான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போர் வந்தபோது நான் சிங்கப்பூரில் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். மலாயாவின் வடக்கே கெடாவில், புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் பெரிய கிராணிக்கு நான் மூத்த மகள். கிராணி என்றால் ஆபீசில் கணக்கு எழுதுபவர். பெரிய கிராணி என்றால் துரை இல்லாத நேரத்தில் தன்னைத் துரையென்று நினைத்துக்கொள்பவர். என் அப்பா துரை இருக்கும்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் ஒன்று, சொன்ன சொல் மாறமாட்டார். என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பிய அன்று, சுங்கைப் பட்டாணி ரயிலடியில், சொந்தக்காரர்கள் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, அவர் சத்தமாகச் சொன்னார்: "இவ படிப்பு முடியிற வரைக்கும் எங்க வீட்டுல கல்யாணப் பேச்சே கெடையாது. யாரும் வந்து கேக்காதீங்க."

அந்தச் சொல்லைத்தான் நான் பிற்பாடு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன்.

கல்லூரியில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் விருந்தினராக வந்து உரை நிகழ்த்தினார். அவருக்கு எங்கள் பரீட்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் அவர் கணிதத்தைப் பேசினார். எண்கள் முடிவதேயில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அது எப்படித் தெரியும் என்று கேட்டார். அன்று வெளியே வந்தபோது எனக்குக் காய்ச்சல் அடிப்பதுபோல் இருந்தது. இதற்காகவே உயிரோடு இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படித்தான் நினைக்க வரும், ஆனால் இன்றும் நான் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பிறகு குண்டு விழுந்தது. கல்லூரியை மூடினார்கள். நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்பதை எழுதப்போவதில்லை. எல்லாரும் எப்படி வந்தார்களோ அப்படித்தான். வந்து பார்த்தால் துரை ஓடிவிட்டார், அவர் பங்களாவில் ஒரு ஜப்பான்காரன் இருந்தான். ரப்பர் மரங்கள் பால் வெட்டுவாரில்லாமல் நின்றன. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்திருந்தது. காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, பண்டிகையென்றால் வெல்லம் இல்லாத கிழங்குப் புட்டு. கிழங்கே தின்று கடைசித் தம்பிக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

வயசுப் பெண் இருந்த வீடுகளிலெல்லாம் அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. கழுத்தில் தாலி இருந்தால் ஜப்பான்காரன் தொடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. தாலியைப் பார்த்துத் திரும்பிப் போன ஜப்பான்காரன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை, போகட்டும். எனக்கும் ஒரு வரன் வந்தது. யான் என்ற வயல் ஊரில் நெல் ஆலை ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தவர், மனைவியை இழந்தவர். அவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யான், நெல் என்ற இரண்டு சொல்லே போதும். அம்மாவின் கண்ணில் நீர் வந்தது.

"காலேஜ மூடிட்டான். அப்ப படிப்பு முடிஞ்சிருச்சு" என்றார் அம்மா.

"மூடினது காலேஜ்தான். படிப்ப யாரும் மூடல" என்றேன்.

அப்பா யோசித்தார். அவர் எதையும் ஆபீஸ் முறையில்தான் யோசிப்பார். "காலேஜ்னா என்னம்மா? வாத்தியாரு இருக்கணும், வெளியிலேருந்து பெரிய மனுசங்க வந்து பேசணும், நாலு பேரு உக்காந்து கேக்கணும். இங்க என்ன இருக்கு?"

"நான் இருக்கேன். மத்தத நான் கொண்டாறேன்."

"சரி. மாசம் ஒரு தடவ வெளியாளு ஒருத்தரு வந்து கணக்கப் பத்திப் பேசட்டும். பேசினா, படிப்பு நடக்குதுன்னு ஒத்துக்கிறேன். ஒரு மாசம் ஆளு வரலேன்னாலும் முடிஞ்சது. அப்புறம் நீ வாயத் தொறக்கக்கூடாது."

அந்தக் காலத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவது. பாலத்துக்குப் பாலம் சிப்பாய் நிற்பான், குனிந்து கும்பிட்டால்தான் விடுவான். ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரி எந்தச் சடக்கில், எந்த ரோட்டில் வரும் என்று யாருக்கும் தெரியாது. எவனாவது கணிதம் பேச வருவானா என்று அப்பா நினைத்திருப்பார். நான் சரி என்றேன்.

பால் ஸ்டோர் சும்மா கிடந்தது. ரப்பர்ப் பாலை அளந்து ஊற்றும் அந்தக் கொட்டகையில், யார் எத்தனை பால் கொண்டுவந்தார் என்று எழுதிப்போடும் கரும்பலகை ஒன்று சுவரோடு இருந்தது. புளித்த பால் வாடை போகவேயில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று அதையே கணிதத் துறை ஆக்கினேன். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து மூங்கில் குழாயில் அடைத்துக் காயவைத்தால் எழுதும் கட்டி கிடைத்தது. பாதி எழுதும், பாதி உதிரும். சொந்தக்காரப் பையன்கள் மூலமும் சைக்கிள்காரர்கள் மூலமும் சொல்லி அனுப்பினேன்: கணிதம் படித்தவர் யாராவது இருந்தால் வந்து பேசவும், மதியச் சாப்பாடு உண்டு. சாப்பாடு என்பது கிழங்குதான். ஆனால் விருந்தாளிக்குத்தான் முதலில் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அப்பாவைத் தலைவராக்கினேன். இது என் சூது, ஒத்துக்கொள்கிறேன். அவருக்குக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதென்றால் உயிர். கறுப்புக் கோட்டைத் தூசு தட்டி மாட்டிக்கொண்டு, ஆபீஸ் மேசையிலிருந்த பித்தளை மணியையும் கையோடு எடுத்து வந்தார். ஜப்பான்காரனிடம், நிப்போன் மொழி வகுப்பு நடத்துகிறோம் என்று சொல்லி அனுமதியும் வாங்கினார். அதற்காகப் பலகையின் ஒரு மூலையில் ஐந்து ஜப்பானிய எழுத்துகளை எழுதி வைத்திருந்தோம். அவை எப்போதும் அங்கேயே இருக்கும்.

முதல் விருந்தினர் சுங்கைப் பட்டாணியில் ஆங்கிலப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், இளைஞர், கல்யாணமாகாதவர். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். டயருக்குள் காற்றுக்குப் பதில் கயிறு திணித்த சைக்கிளில், கடகடவென்று குலுங்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பம்ளிமாஸ் பழம். இடது கன்னம் வீங்கி, விரல் பதிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

"என்ன ஆச்சு மாஸ்டர்?" என்றார் அப்பா.

"பாலத்தடியில குனிஞ்சு கும்பிட்டனான். குனிஞ்சது காணாதாம்" என்றார் அவர், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. "அது கிடக்கட்டும். பலகை எங்கை இருக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கணிதம் பேச வந்த ஒரு மனிதனை நடுச் சடக்கில் நிறுத்தி அறைந்திருக்கிறார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. வீங்கிய கன்னத்தோடு வந்து பலகை எங்கே என்று கேட்கிறார்.

கூட்டமென்றால் மாலை வேண்டுமே. நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பறித்து வாழைநாரில் கட்டி வைத்திருந்தேன். பார்க்கத் தொழிலாளர் லயத்து ஆட்கள் எல்லாரும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வேலையும் இல்லை, வேடிக்கையும் இல்லாத காலம். அப்பா மணியை அடித்து, செயலாளர் மாலை மரியாதை செய்வார் என்று அறிவித்தார். செயலாளர் நான்தான். நம் வழக்கம் என்னவென்றால், கல்யாணமாகாத பெண் ஒரு ஆணுக்கு மாலை போடுவதில்லை. தட்டில் வைத்து நீட்டுவாள், அவர் கையில் வாங்கிக்கொள்வார். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கன்னத்தைப் பார்த்த பிறகு, பிச்சை கொடுப்பதுபோல் மாலையைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவரைக் குனியவிடவும் மனமில்லை. ஒரு பால் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று, கழுத்தில் போட்டேன்.

பின்னாலிருந்து ஒரே சத்தம். கங்காணி வீட்டு அக்கா குலவையே போட்டுவிட்டாள்.

மாஸ்டருக்கு இரண்டு கன்னமும் ஒரே நிறமாயின. அப்பா மணியை அடி அடியென்று அடித்தார். பிறகு உரை நடந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர் பம்ளிமாஸின் மேல் கரித்துண்டால் மூன்று கோடு போட்டார். உச்சியிலிருந்து நடுவுக்கு ஒன்று, நடுவைச் சுற்றிக் கால்வாசி, மறுபடி உச்சிக்கு ஒன்று. மூன்று மூலையும் செங்கோணம். முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று பள்ளியில் படித்தோமே, அது தட்டையான இடத்தின் சட்டம். உருண்டைக்குச் சட்டம் வேறு என்றார். சட்டம் ஒன்றுதான் என்று அறைந்து சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதைக் கேட்பதே தண்ணீர் குடித்ததுபோல் இருந்தது. முடிந்ததும் பழத்தை உரித்து எல்லாரும் தின்றோம்.

மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் கங்காணி வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னா பாப்பா, கல்யாணச் சாப்பாடு எப்போ? நல்ல மாப்பிள்ளலா. கன்னம் மட்டும் கொஞ்சம் வீக்கம்."

"அது மரியாத மாலைக்கா."

"மாலையில என்னா மரியாத மாலை, கல்யாண மாலை? கழுத்துல போட்டா போட்டதுதானே."

அந்தப் பேச்சு லயத்தைச் சுற்றி, பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், யான் வரைக்கும் போனது. அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அப்பா மட்டும் கேட்டார்: "ஏம்மா, கையில குடுத்தா என்ன கொறஞ்சு போவுது?" எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். ஒருவரை அறைந்தவனைப் பற்றி ஊர் பேசவில்லை. அறை வாங்கியவருக்கு மாலை போட்டவளைப் பற்றிப் பேசியது. இனிமேல் கையில் கொடுத்தால், போட்டது தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்றே முடிவு செய்தேன்: வருகிற ஒவ்வொருவருக்கும் கழுத்தில்தான் போடுவேன். ஊர் எத்தனை கல்யாணத்தைக் கணக்கு வைக்கிறது பார்ப்போம்.

அடுத்த மாதம் அலோர்ஸ்டாரிலிருந்து ஓய்வுபெற்ற நில அளவைக்காரர் ஒருவர் மாட்டுவண்டியில் வந்தார். பல் ஒன்றுகூட இல்லை. கழுத்தில் போட்டேன். அவர், ஏறாமலேயே ஜெராய் மலையின் உயரத்தை வயல் வரப்பில் நின்று எப்படி அளப்பது என்று பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஜப்பான்காரனின் கார் வந்து நின்றது. நாங்கள் எல்லாரும் மூலையிலிருந்த ஐந்து எழுத்தைப் பார்த்து அ, இ, உ, எ, ஒ என்று கத்தத் தொடங்கினோம். அவன் உள்ளே வந்து, பலகை நடுவே பெரிதாக இருந்த முக்கோணத்தைப் பார்த்தான். இது என்ன என்று கையால் கேட்டான்.

"ஃபுஜி" என்றார் அப்பா.

அவன் நிமிர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றி, எங்கள் ஜெராய் மலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். குனிந்தது போதுமா என்று நான் பார்த்துக்கொண்டேன். போதும்.

அதற்கடுத்து, படிப்பைப் பாதியில் விட்ட சீன மாணவர் ஒருவர் கூலிம் பட்டணத்திலிருந்து வந்தார். சூதாட்டத்தில் கடைசியில் ஏன் கடைக்காரனே ஜெயிக்கிறான் என்பதை எடுத்துச் சொன்னார். அவருக்கும் கழுத்தில்தான். கங்காணி வீட்டு அக்கா குலவை போடவில்லை. விரலை மடக்கிக் காட்டிச் சிரித்தாள். பாஞ்சாலி என்று லயத்தில் எனக்குப் பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டேன். கேலி முற்றினால் சந்தேகம் செத்துப்போகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பல் இல்லாத கிழவரையும் கணவர் பட்டியலில் சேர்த்த பிறகு யாரால் எதை நம்ப முடியும்?

ஆனால் யானில் நம்பினார்கள், அல்லது நம்பவில்லை, எப்படியோ நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். இடையில் கெடாவைச் சயாம்காரனிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லி ஒரு கொடியை இறக்கி இன்னொரு கொடியை ஏற்றினார்கள். எங்கள் கிழங்கில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை. தம்பியின் கால் வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது. அந்த மாதத்துக் கூட்டத்துக்கு மறுபடி மாஸ்டர் வருவதாக இருந்தது. அது மாதத்தின் கடைசி ஞாயிறு. அன்றைக்கே யானிலிருந்து மாப்பிள்ளையின் அக்கா வருகிறார் என்று அம்மா சொன்னார். வண்டியில் அரை மூட்டை அரிசியோடு வந்தார். மாப்பிள்ளை வரவில்லை, ஆலையை விட்டு நகர முடியாதாம்.

அந்த அம்மாள் பால் ஸ்டோரில் முன்வரிசையில் உட்கார்ந்தார். அரிசி மூட்டை வாசலில் வண்டியிலேயே இருந்தது. கதவு திறந்திருந்ததால் எல்லார் கண்ணிலும் பட்டது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தன் தம்பிக்கு ஒரு பெண் வேண்டும், அதற்குக் கேட்டு வந்திருந்தார். ஆனால் என்னைப் பார்த்த பார்வையில், விலை பேசி முடிந்துவிட்டது, எடுத்துக்கொண்டு போவதுதான் பாக்கி என்பது இருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. மாஸ்டர் வரவில்லை. அப்பா மணியைக் கையில் வைத்துக்கொண்டு சடக்கைப் பார்த்தார். நான் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது, செம்பருத்தி சுருங்கத் தொடங்கியது. ஒரு சைக்கிள் சத்தம் கேட்டது, அது வேறு யாரோ. பிள்ளைகள் சிணுங்கினார்கள். அவர் வராமல் இருக்கிறவர் இல்லை.

பிறகுதான் தெரிந்தது, அதே பாலத்தடியில் அன்றைக்கு லாரி நின்றிருக்கிறது. அவரைச் சைக்கிளோடு ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் திரும்பி வந்தார், எலும்பும் தோலுமாக, போரெல்லாம் முடிந்த பிறகு. எங்கள் தோட்டத்திலிருந்து போன பலர் வரவில்லை. வந்தவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பாக்கி இருந்த அந்த உரையைப் பால் ஸ்டோரில் வந்து நடத்தியது. கழுத்தில் மாலை போட்டேன். கல்யாணம் செய்துகொண்டோமா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அவர் வேறு யாரையோ கட்டிக்கொண்டு நன்றாக இருந்தார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் ஒன்றும் தெரியாது. ஆள் வரவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

யான் அம்மாள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "இன்னும் எவ்ளோ நேரம் கிராணி? ஆளு வரலேன்னா படிப்பு முடிஞ்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க வீட்டம்மா சொன்னாங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா மணியை மேசைமேல் வைத்தார். அடிக்காமல், சத்தம் வராமல் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது: சொன்ன சொல் மாறாதவர் இப்போது அந்தச் சொல்லாலேயே என்னைக் கட்டிக்கொடுக்கப் போகிறார். அவருக்கும் அது பிடிக்கவில்லை. பிடிக்காததையும் செய்வார்.

நான் தட்டிலிருந்த மாலையை எடுத்தேன். என் கழுத்தில் நானே போட்டுக்கொண்டேன்.

குலவை இல்லை, சிரிப்பு இல்லை. கங்காணி வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். செத்தவர்களுக்குப் பிறர் போடுவார்கள், மணமக்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வார்கள், சாமிக்குப் பூசாரி போடுவார். தனக்குத்தானே போட்டுக்கொள்பவளுக்கு எங்கள் ஊரில் பெயரே இல்லை.

"வந்தவங்க பேசணும்னுதானே அப்பா சொன்னீங்க?" என்றேன். "நான் பேசறேன்."

"இது என்னா கூத்து?" என்றார் யான் அம்மாள். "வெளியாளுன்னா வெளியாளு. வீட்டுப் பொண்ணு எப்படி வெளியாளு ஆவும்?"

அது சரியான கேள்விதான். அப்பா கோட்டின் பொத்தானை மேலும் கீழும் தடவினார். வாசலிலிருந்த மூட்டையை ஒருதரம் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. பிறகு மணியை எடுத்து ஓங்கி அடித்து, கூட்டத் தமிழில், தலைவர் குரலில் பேசினார்.

"இன்றைய சொற்பொழிவாளர் சிங்கப்பூர்க் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார்கள். கல்லூரி இன்னும் திறக்காத காரணத்தால், சில காலமாக நமது தோட்டத்தில் தங்கியிருக்கிறார்கள். கல்லூரி திறந்ததும் திரும்பிச் செல்வார்கள். அவர்களைப் பேச அழைக்கிறேன்."

என்னை அவர் அதுவரை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். 'அவர்கள்' என்றார்.

"நல்லா இருக்கு கிராணி உங்க நாயம்" என்று சொல்லிவிட்டு யான் அம்மாள் வெளியே போனார். வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அம்மாவைத் தவிர.

நான் பலகைக்குப் போனேன். அதுவரை எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசியிருந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் தமிழில் பேசினேன். பகா எண் என்ற சொல்கூட எனக்கு அப்போது தெரியாது. பிரியாத எண் என்றேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று எழுதினேன். சமமான பங்காகப் பிரிக்க முடியாதவை. அவை எங்காவது போய் முடிகின்றனவா?

"முடிஞ்சிருச்சுன்னு வச்சுக்குவோம்" என்றேன். "கணக்குல ஒரு வழக்கம் இருக்கு. எதிராளி சொல்றத மொதல்ல ஒத்துக்கணும். சண்ட போடக்கூடாது. அவர் சொன்னது சரின்னே வச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் போகணும். அது தப்பா இருந்தா, தானே ஒடையும்."

பிரியாத எண்கள் முடிந்துவிட்டன, எல்லாமே இந்தப் பலகையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கச் சொன்னேன். அதோடு ஒன்றைக் கூட்டச் சொன்னேன். வந்த எண்ணைப் பலகையில் இருக்கும் எந்த எண்ணால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆனால் எந்த எண்ணையும் ஏதாவதொரு பிரியாத எண் வகுத்துத்தான் ஆக வேண்டும். அப்படியானால் அந்த எண் எங்கே? பலகைக்கு வெளியே. எல்லாம் இங்கே இருக்கின்றன என்றோமே? இல்லை. நாம் எங்கே கோடு போட்டு முடித்தாலும் அதற்கு வெளியே இன்னொன்று இருக்கிறது. சுண்ணாம்புக்கட்டி உதிர்ந்து கையெல்லாம் வெள்ளையாக இருந்தது. மாலை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த நிரூபணம் நிற்கிறது, எந்தப் படை வந்தும் இதைத் திருப்பி அனுப்ப முடியவில்லை என்று சொல்லி முடித்தேன். செயலாளரும் நானே என்பதால் நன்றியுரையையும் நானே சொன்னேன்.

ஐம்பது ஆண்டு கற்பித்தேன், பெரிய கூடங்களில் பேசினேன். அதைவிட நன்றாக எங்கும் பேசவில்லை.

அந்த அரிசி வீட்டுக்குள் வந்திருந்தால் தம்பியின் கால் சீக்கிரம் வடிந்திருக்குமே என்று சொந்தக்காரர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவிட்டுக் கஞ்சியும் கீரையும் கொடுத்து அவன் கால் மெதுவாக வடிந்தது. வடியாமல் போயிருந்தாலும் நான் இதையேதான் எழுதுவேன்: அரிசியைக் காணாமல் செய்தவன் வெட்கப்படட்டும். நான் ஏன்?

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனோம். அப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தம்பிகள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா கிழங்குச் சட்டியை இறக்கி வைத்தார். எப்போதும் முதலில் அப்பாவுக்கு, பிறகு தம்பிகளுக்கு, கடைசியில் எனக்கு. அன்று சட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். மாலையை நான் இன்னும் கழற்றவில்லை. அதை ஒரு கையால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, என் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

"விருந்தாளிக்கு மொதல்ல" என்றார்.

கோபமா, கேலியா, வேறெதுவுமா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. கடைசிவரை நான் கேட்கவும் இல்லை. தட்டில் வைத்ததை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.